வாரியத்துச் சீப்பு

என் வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் கிடையாது. இதை உங்களுக்குச் சொல்ல ஒரு வரி போதுமாக இருக்கிறது. பணிக்காய நிவாரண வாரியத்துக்குச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாட்டைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிங்க, பரவாயில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

நான் வேலை பார்த்தது அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில். செருப்பு, பல்பு, சோப்பு, எதை வாங்கினாலும் ஒரு பெட்டியில் போட்டுத் தருகிறார்களே, அந்தப் பெட்டிக்கு அட்டை வெட்டுகிற மெஷின் என்னுடையது. அந்த மெஷினுக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன். ரெண்டையும் ரெண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் பிளேடு இறங்கும். கை ரெண்டும் பட்டனில் இருந்தால் பிளேடுக்கு அடியில் போகாது பாருங்கள், அதற்காக. மனுஷன்மேல் அக்கறை உள்ள எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான். எங்கள் சூப்பர்வைசர் அவனைவிடக் கெட்டிக்காரர். ஒரு பட்டனை அமுக்கி அதன்மேல் டேப்பை ஒட்டிவிடுவார். அப்போது ஒரு கை மிச்சமாகும் இல்லையா? அந்தக் கையால் அட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். வேலை பறக்கும். எல்லா மெஷினிலும் இதே கதைதான். டேப் ஒட்டாத மெஷினைப் பார்த்தால் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைப்போம்.

பிளேடு என் விரல்மேல் இறங்கிய அன்றைக்கு நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்தார். பதறிப்போய்விட்டார், பாவம். அந்தப் பதற்றத்திலும் முதல் காரியமாக டேப்பைப் பிரித்து, உருட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ‘தொழிலாளி தமது கையை அனுமதியின்றி இயந்திரத்துக்குள் வைத்தார்’ என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. கேட்டிருந்தால் அனுமதி கொடுத்திருப்பார்களோ என்னவோ, நான்தான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

கம்பெனி டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இனி எந்த வேலைக்கும் லாயக்கில்லை” என்றார். அன்றோடு சம்பளம் நின்றது. வீட்டு வாடகை, பாப்பாவின் படிப்பு எல்லாம் வாரியம் மாசாமாசம் தரப்போகிற நிவாரணத்தை நம்பித்தான் இனி.

பாப்பா என் மகள். பாப்பா என்று கூப்பிடுகிறோமே தவிர, பேச்சில் கிழவி. என் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் இடத்தில் வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவாள். அதனால் பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்குத் தலைபின்னி விடுவது நான்தான். விரல் போனபிறகு அவளே ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டு போனாள். வாய் ஓயாத பெண், அந்த நேரத்தில் மட்டும் ஒன்றும் பேசமாட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. பழைய துண்டை மூன்றாகக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டி, மிச்சமிருக்கிற விரல்களால் பின்னிப் பின்னிப் பழகினேன். கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே பிடிக்கிற வித்தை பிடிபடப் பல வாரம் ஆனது. ஒருநாள் பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என்னிடம் முதுகைக் காட்டி நின்றாள்.

“கொஞ்சம் கோணல்தான்பா. ஆனா சாயங்காலம் வரைக்கும் அவுழவே இல்ல, பாருங்க!”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை திரும்பக் கிடைத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

இனி வாரியம். பெரிய கட்டடம். வாசலில் ‘உங்கள் காயம், எங்கள் கடமை’ என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் ஒரு அம்மா கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு சின்னப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

“வலது சுட்டுவிரலை வைங்க.”

“அது இல்லீங்க.”

“அதை வெச்சாத்தான் மனுவே திறக்கும்.”

“அது போனதுக்குத்தாங்க மனு.”

“அது சரி. ஆனா நீங்கதான் நீங்கன்னு அந்த விரல்தானே சொல்லணும்?”

இடது கையை நீட்டினேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வேற விரலை வெச்சா அது வேற ஆளு சார். நாளைக்கு நிஜமான ஆள் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?”

என் பின்னால் நின்ற வரிசை முழுக்க என் கையை எட்டிப்பார்த்தது. நான் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன். கடைசியில் மாடிக்குப் போய் ‘விரலின்மைச் சான்றிதழ்’ வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கினேன். ஆறு மாசத்துக்குத்தான் செல்லும் என்று போட்டிருந்தது.

“ஆறு மாசம் கழிச்சு என்னங்க ஆகும்?”

“வந்து புதுப்பிக்கணும். நிலைமை மாறியிருக்கலாம் இல்லையா?” என்றார் மாடி ஆபீசர். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அதில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை.

அடுத்து வாரியத்து டாக்டர். அவர் தலைக்குமேல் சுவரில் ஒரு பெரிய கை வரைந்து, ஒவ்வொரு விரலுக்கும் இத்தனை விழுக்காடு என்று எழுதி மாட்டியிருந்தார்கள். அவர் என் கையைத் தொடவே இல்லை. படத்தைத்தான் பார்த்தார்.

“சுண்டுவிரலாப் போயிருந்தா உங்களுக்கும் சுலபம், எங்களுக்கும் சுலபம்” என்று அலுத்துக்கொண்டார். அப்புறம் என் முகம் போன போக்கைப் பார்த்துத் தைரியம் சொன்னார். “எதுக்குக் கவலைப்படுறீங்க? அஞ்சுல மூணு இன்னும் உங்ககிட்டத்தானே இருக்கு? மெஜாரிட்டி உங்க பக்கம்!”

நான் ‘சரிங்க டாக்டர், நன்றிங்க’ என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டடத்துக்குள் போனாலே முதுகு தானாக வளைந்துவிடுகிறது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கடையில் ஒரு ஆள் வந்து உட்கார ஆரம்பித்தார். மடியில் கேமரா. “யாருங்க அது, நம்ம வீட்டையே முழுங்குற மாதிரி பாக்குறான்?” என்றாள் என் வீட்டுக்காரி. நான் போய் விசாரிப்பதற்குள் அவரே வாசலுக்கு வந்துவிட்டார்.

“அண்ணே, நான் வாரியத்து ஆளு. உங்க கை நிஜமாவே முடியாம இருக்கான்னு ரகசியமாக் கவனிக்கச் சொல்லியிருக்காங்க. அதனால நான் இங்க இருக்கிறது உங்களுக்குத் தெரியாது, சரியா?”

“சரிங்க.”

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? வெயில் கொளுத்துது.”

கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, “இடது கையால கொடுத்தீங்க. நல்லது. அதை எழுதிக்கிறேன்” என்றார். தங்கமான மனுஷன்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டுக்குள்ளேயே நடிப்பு. கடைக்குப் போனால் அரிசிப் பையை என் வீட்டுக்காரி தூக்கிவருவாள், நான் பின்னால் கையை வீசிக்கொண்டு வருவேன். தூக்க முடியாமல் இல்லை. இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேமராவுக்கு இடது எது, வலது எது என்று தெரியுமா? பக்கத்து வீட்டம்மா என் காதுபடவே, “நல்ல ஜென்மம்! பொண்டாட்டி மூட்டை சுமக்குறா, இவரு மாப்பிள்ளை மாதிரி வராரு” என்றார். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனேன்.

எல்லாவற்றிலும் ஜாக்கிரதையாக இருந்தேன், காலையில் தலைபின்னும்போது மட்டும் மறந்துபோனேன். வாசல்படியில்தான் வெளிச்சம், அங்கேதான் பின்னுவோம். அது எங்களுக்குப் பல் துலக்குகிற மாதிரி. அதையெல்லாம் ஒரு வேலை என்று யார் நினைப்பார்கள்? ஒருநாள் எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது. “அண்ணே, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க!” திரும்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், யாராவது போட்டோ எடுக்க வெளிச்சத்துக்கு வரச் சொன்னால் திரும்பாமல் இருக்க என்னால் முடியாது. பாப்பா வேறு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். என் வீட்டுக்காரியும் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். நடுவில் வாரியத் தலைவர். ஒரு பக்கம் வாரியத்து டாக்டர். எதிர்ப்பக்கம் கம்பெனி வக்கீலும் கம்பெனி டாக்டரும். என்னை எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று நிறுத்தியது அந்த டாக்டர். என்னால் எல்லா வேலையும் செய்ய முடியும் என்று வாதாட வந்தது அந்த வக்கீல். ரெண்டு பேரும் ஒரே காரில்தான் வந்து இறங்கினார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “தொழிலாளியோட கண்ணீரைத் துடைக்கத்தான் இந்த வாரியம் இருக்கு. ஆனா அது நிஜமான கண்ணீரான்னு நாங்க பாக்கணும். பாத்து முடிக்கிறதுக்குள்ள அதுவே காஞ்சிடுது. அப்படிக் காஞ்சதையும் நாங்க தீர்த்துவெச்ச கணக்குலதான் சேக்கிறோம். இது எங்களுக்குப் பெருமை.”

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பிறகு கம்பெனி வக்கீல் எழுந்து மெஷினின் படத்தைக் காட்டினார். “ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்கினாத்தான் பிளேடு இறங்கும். பிளேடு இறங்கியிருக்கு. ஆக, மனுதாரரோட ரெண்டு கையும் பட்டன் மேலதான் இருந்திருக்கு. அப்படின்னா, உள்ள போனது யாரோட கை?”

வாரியத்து டாக்டர் என் ரெண்டு கையையும் பார்த்து, மூன்றாவதைத் தேடுவதுபோல என் தோள்பட்டை வரை பார்த்தார்.

“பட்டன்ல டேப் ஒட்டியிருந்ததுங்க” என்றேன்.

“யாராவது பாத்தாங்களா?”

பார்த்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் டேப் ஒட்டிய மெஷின்களில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சாட்சிக்கு வந்தால் அவர்கள் சோற்றில் மண் விழும். நான் யாரையும் கூப்பிடவில்லை.

என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, இவரு மூணு கையோட பிறந்திருந்தா நான் கட்டிக்கிட்டே இருக்க மாட்டேன்” என்றாள். தலைவர் இதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார். ‘உள்ளே போன கை மனுதாரருடையதாகவும் இருக்கலாம்’ என்று பெரிய மனசோடு எழுதச் சொன்னார்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் வக்கீல் வாரியத்து ஃபைலிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வாசல்படி. காலை வெயில். பாப்பாவின் சிரிப்பு. பின்னால் நான், வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு பின்னிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து யாரும் அவ்வளவு நன்றாகப் படம் எடுத்ததில்லை. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அருமையான ஜடை. என் பேத்திக்குக்கூட வீட்டுல யாரும் இவ்வளவு நேர்த்தியாப் பின்றதில்ல.”

“நன்றிங்க” என்றேன்.

நாக்கில் சனி! பாராட்டினால் பல்லிளிக்கும் பிறவி நான். என் வீட்டுக்காரி தலையில் கையை வைத்துக்கொண்டாள். ‘மனுதாரர் தாமே ஒப்புக்கொண்டார்’ என்று அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் கேட்டது.

“ஜடை பின்ற கை மெஷின் ஓட்டாதா?” என்றார் வக்கீல். தலைவர் கொஞ்சம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ஒரு போட்டோவை வைத்து ஏழையின் நிவாரணத்தைப் பறிக்க வாரியத்துக்கு மனசு வராதாம். அதனால் அடுத்த வாரம் மகளைக் கூட்டிவந்து, வாரியத்தின் முன்னால் நான் பின்னிக் காட்ட வேண்டும். பின்ன வந்தால் நிவாரணம் கிடையாது. வராவிட்டால் உண்டு.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பின்ன வராமல் போவதற்குப் பயிற்சி நடந்தது. ஜன்னல் கம்பியில் மறுபடியும் துண்டைக் கட்டினாள் என் வீட்டுக்காரி. நான் பிடித்தேன். கை பாட்டுக்குப் பின்னிக்கொண்டு போனது.

“ஏங்க, தப்பாப் பின்னுங்கன்னா இப்படிப் பின்றீங்க?”

“வரமாட்டேங்குதுடி.”

“வாடகை வேணுமா வேணாமா? நல்லாத்தான் பின்னுவேன்னு இதுல போய் வீராப்புக் காட்டணுமா?” கத்திவிட்டு, அவளே அழுதாள். பாப்பா ஒரு மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுகிற மாதிரி இருந்தாள்.

அடுத்த வாரம் போனோம். அறைக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் கொண்டுபோன சீப்பை அனுமதிக்கவில்லை. அது எனக்குப் பழகிய சீப்பாம், எனக்குச் சாதகமாக நடந்துகொள்ளுமாம். வாரியத்துச் சீப்பு ஒன்று உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து வந்தது. அதை உடைக்க ஒரு ஆபீசர், உடைத்ததைப் பார்க்க ஒரு ஆபீசர். எங்களைக் கவனித்த கேமராக்காரரும் ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்து, தெரியாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் பின்கழுத்து எனக்கு மனப்பாடம். முடியை மூன்றாகப் பிரித்தேன். கட்டைவிரலும் மோதிரவிரலும் தானாக வந்து பிடித்துக்கொண்டன. விட்டேன். மறுபடி பிடித்தேன், நழுவவிட்டேன். சீப்பைக் கீழே போட்டேன். எடுத்தேன். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் பெண்ணின் தலையை வேண்டுமென்றே சிக்காக்கினேன். ஒரு தடவை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். சுளீரென்று வலித்திருக்கும். வீட்டில் சீப்பு லேசாகப் பட்டாலே ஊரைக் கூட்டுகிறவள், அன்றைக்கு மூச்சு விடவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

“அப்போ போட்டோவில இருக்கிற ஜடை?” என்றார் வக்கீல்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா பேசிவிட்டாள். “அது நானே போட்டுக்கிட்டது சார். அப்பா சும்மாப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. எங்கப்பாவுக்குத் தலைபின்ன வரவே வராது.”

தெளிவாக, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தலைவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “பொய் சொல்லாத பிள்ளைங்கதான் இந்த நாட்டோட சொத்து” என்று அவளைத் தட்டிக்கொடுத்தார். நிவாரணம் உண்டு என்று அங்கேயே அறிவித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கி, “வாழ்த்துகள், உங்களால முடியாதுன்னு நிரூபிச்சிட்டீங்க!” என்றார் வாரியத்து டாக்டர்.

வெளியே வரும்போது அந்தப் போட்டோவில் ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். அது வாரியத்தின் சொத்து என்றார்கள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல வாசல்படியில் சீப்போடு உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது, உள்ளே எழுந்து போனேன். பாப்பா பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து திரும்பி வந்தாள். முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“யாராவது பாத்துட்டா வம்புப்பா. இப்ப சீப்பே வேணாம், பாருங்க” என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினாள். நல்லா இருக்கும்மா என்றேன். வேறு என்ன சொல்ல?

நிவாரணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நடுவில் விரலின்மைச் சான்றிதழைப் புதுப்பிக்கப் போனேன். “இன்னும் அப்படியேதான் இருக்கா?” என்று அந்த ஆபீசர் நிஜமான வருத்தத்தோடு கேட்டார். ஆமாங்க என்றேன், என்மேல்தான் தப்பு என்பதுபோல.

வருஷம் திரும்பியதும் மறுஆய்வு என்று கேமராக்காரர் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார், வீட்டைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். என்ன பாப்பா, முடி என்னாச்சு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். பத்து நாளில் கடிதம் வந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரியும் வீட்டில் இருந்தாள். பாப்பாதான் படித்துக் காட்டினாள்.

“மனுதாரருக்கு நிவாரணம் வழங்கப்பட்டது, அவரால் மகளுக்குத் தலைபின்ன இயலவில்லை என்ற அடிப்படையில். தற்போது மகளின் முடி குட்டையாக உள்ளதால், தலைபின்ன வேண்டிய தேவையே இல்லை. தேவை இல்லாத இடத்தில் இயலாமையும் இல்லை. எனவே நிவாரணம் நிறுத்தப்படுகிறது. மனுதாரரின் குடும்பம் இப்பிரச்சினைக்குத் தானாகவே தீர்வு கண்டதை வாரியம் பாராட்டுகிறது.”

என் வீட்டுக்காரி வாயில் வந்தபடியெல்லாம் வாரியத்தைத் திட்டினாள். திட்டி முடித்து, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பாப்பா கடிதத்தை மடித்து வைத்தாள். கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு, முடி எவ்வளவு இருக்கிறது என்று தடவிப் பார்த்தாள்.

“அப்பா, நான் மறுபடி முடி வளத்துக்கட்டுமா?”

எனக்குச் சட்டென்று நெஞ்சு துள்ளியது. வாசல்படி, வெயில், ரிப்பன் எல்லாம் ஞாபகம் வந்தது. “எதுக்கும்மா?” என்றேன்.

“முடி இருந்தாத்தானேப்பா, உங்களுக்குப் பின்ன வராதுன்னு அங்க போய் மறுபடியும் காட்ட முடியும்? இந்தத் தடவை இன்னும் பலமா இழுங்க. நான் அழுறேன். அப்பத்தான் நம்புவாங்க.”

என் வீட்டுக்காரி திரும்பவே இல்லை. வாடகை கொடுக்க வேண்டிய நாள் பக்கத்தில் இருந்தது. நான் என் மகளின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, “வளத்துக்கம்மா” என்றேன்.